கட்டை விரலைத் தூக்குங்க

தலையை ஆட்டாதீங்க தம்பி, மூக்குல மாட்டியிருக்கற மாஸ்க் நகர்ந்துரும். வாயையும் திறக்க வேண்டாம். மூக்கால இழுங்க, மூக்கால விடுங்க, அவ்வளவுதான் உங்க வேலை. பேசற வேலை என்னோடது. எங்க, கட்டை விரலைத் தூக்குங்க பார்ப்போம். ஆங், அப்படித்தான். நல்லா இருக்கீங்க.

என்ன முழிக்கறீங்க? இவ்வளவு நேரம் தலைமாட்டுல உட்கார்ந்திருந்த பொண்ணு எங்க, இந்தக் கிழவி யாருன்னா? அவ கீழ போயிருக்கா. கோபிகான்னு பேரு. என் பேரு அமலோற்பவம். இங்க எல்லாரும் அமலியக்கான்னு கூப்பிடுவாங்க. டாக்டர் கனகசபை இந்த உறையூர்ல போர்டு மாட்டுன நாள்லருந்து நான் இருக்கேன். அப்ப அவருக்குத் தலை நிறைய முடி. இந்த ஏரியாவுல பல்லுப் புடுங்கிக்கிட்டவங்கள்ல பாதிப் பேரு தாடையை நான் பிடிச்சிருக்கேன், தெரியுமா? உங்களுக்கு நான் ஒண்ணும் புதுசா வந்தவ இல்ல.

டாக்டர் எதிர் ரூம்லதான் இருக்காரு. ஒரு பெரியவருக்கு பல்செட்டு உரசுதாம், ராவிக் குடுத்துக்கிட்டு இருக்காரு. உங்களுக்கு ஊசி போட்டாச்சுல்ல, தாடை மரத்ததும் வந்துருவாரு. கடைசிக் கடவாப்பல்லு. கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுக்குத்தான் இந்தக் கேஸு. சிரிப்பு வாயுன்னு சொல்லுவாங்க. முழு மயக்கம் கிடையாது. பயப்படறவங்களுக்கு மிதக்கற மாதிரி இருக்கும், ஆனா கூப்பிட்டா பதில் சொல்லணும். பதில் சொல்றாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கறதுக்குப் பக்கத்துல ஒரு ஆளு உட்காரணும். அந்த ஸ்டூல்ல யாரு உட்கார்றதுங்கறதுலதான் தம்பி எனக்கு வந்துச்சு வினை.

சிரிப்பு வருதா? வரட்டும், வரட்டும். அது கேஸோட வேலை.

உங்ககிட்ட சொன்னா என்ன? இந்தக் கேஸு ஏறுனா நடந்தது ஒண்ணும் மனசுல நிக்காதாம். எங்களுக்கு இந்தக் கேஸைப் பத்திப் பாடம் எடுத்த மேடமே சொன்னாங்க. சில பேருக்குன்னு சொன்னாங்களோ என்னமோ, என் காதுல விழுந்தது இவ்வளவுதான். எனக்கு அது போதும். யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு.

கோபிகாவைக் கீழ அனுப்புனதே நான்தான்.

நீங்க கண்ணை மூடி இருந்தீங்க, பார்த்திருக்க மாட்டீங்க. ஓடி வந்து மூச்சு வாங்கற மாதிரி வாங்கி, "ஏண்டி, உன் மக பள்ளிக்கூடத்துல படியில விழுந்துட்டாளாம், கீழ ரிசப்ஷன் போன்ல டீச்சர் இருக்காங்க"ன்னேன். அவ மூஞ்சியைப் பார்க்கணுமே! ரத்தமே இல்ல. அப்பவும் எந்திரிக்க மாட்டேங்கறா தம்பி. "அக்கா, டாக்டரை வரச் சொல்லுங்க, அவரு வந்தாத்தான் நான் எந்திரிக்கலாம்"கறா. பெத்த புள்ளை விழுந்துருச்சுங்கறேன், இவளுக்குச் சட்டம். "அவர்கிட்ட சொல்லிட்டேன்டி, போகச் சொன்னாரு, ஓடு"ன்னேன். அதுக்கப்புறம்தான் எந்திரிச்சா. போறப்பவும், "கையைப் பிடிச்சுக்கிட்டே இருங்கக்கா, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க"ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறா. எனக்கு!

புள்ளை விழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையல் மெஷினு மாதிரி அது பாட்டுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருக்கும். இவ கீழ போயி, போன்ல யாரும் இல்லாம, தானே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, அவங்க எடுத்து, கிளாஸ்ல போயிப் பார்த்து வந்து சொல்றதுக்குள்ள டாக்டர் இங்க வந்துருவாரு. வந்து பார்ப்பாரு. கேஸு ஓடுது, ஆளு சேர்ல, கோபிகாவைக் காணோம். யாரு இருக்கா? அமலி இருக்கா. எனக்கு அது போதும் தம்பி. கேஸு ஓடறப்ப ஸ்டூலை விட்டு எந்திரிச்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுருவேன்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்காரு. அவ பொய்னு சொன்னா? சொல்லட்டுமே. இத்தனை வருஷமா இருக்கற நான் சொல்றதை நம்புவாரா, நேத்து வந்தவ சொல்றதை நம்புவாரா?

கட்டை விரல்? ஆங். சரி.

பாவம்னு நினைக்கறீங்களா? நினைக்காதீங்க. அவ என்னைப் பண்ணுனதைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

இவளை இங்க சேர்த்து விட்டதே நான்தான். புருஷன் விட்டுட்டுப் போயி, கைக்குழந்தையோட எங்க பாலக்கரை வீட்டு மாடியில குடி வந்தா. டாக்டர்கிட்ட நான் சொல்லித்தான் வேலை. முதல் நாளு உறிஞ்சற குழாயை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியாது இவளுக்கு. அக்கா அக்கான்னு என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சா. நானும் தங்கச்சி மாதிரி வச்சிருந்தேன். ஒரு கிறிஸ்மஸுக்கு இவ மகளுக்குக் கவுனு எடுத்துக் குடுத்திருக்கேன் தம்பி, சும்மா இல்ல.

அப்புறம் இந்த மெஷினு வந்துச்சு. வாங்குன கையோட டாக்டரு, "இதை யாரு வேணா பார்த்துக்க முடியாது, எல்லாரும் கத்துக்கணும், பரீட்சை உண்டு"ன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மெஹருன்னிசான்னு ஒரு மேடம் வந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுக்கற டாக்டரு. நான் பூசைக்குக் கூடப் போகாம வந்து உட்கார்ந்தேன். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அதோ தொங்குதுல்ல, அந்த ரப்பர் பை, நீங்க மூச்சு விட விட உப்பி வத்தும், அதைப் பார்க்கணும். விரல்ல மாட்டுன கிளிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு டிங் டிங்னு சத்தத்தோட காட்டும், அதைப் பார்க்கணும். நெஞ்சு ஏறி இறங்குதா பார்க்கணும், மூஞ்சி வெளுக்குதா பார்க்கணும், வேர்க்குதா பார்க்கணும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். முக்கியமா, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு. பேச்சுக் குடுக்கறதுல என்னை எவ ஜெயிக்க முடியும் சொல்லுங்க!

கடைசி ஞாயித்துக்கிழமை பரீட்சை. ஒருத்தர் பேஷண்ட்டு மாதிரி சேர்ல படுத்துக்கணும், இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும். மாஸ்க்குல வெறும் ஆக்சிஜன்தான் வரும். எனக்குப் பேஷண்ட்டாப் படுத்தவ கோபிகா. நான் ஸ்டூல்ல உட்கார்ந்தேன். பேச்சுக் குடுக்கணுமே, குடுத்தேன். என் நாத்தனா மக கல்யாணத்துல எனக்குப் பந்தியில இடம் போடாம அலைய விட்டதைச் சொன்னேன். அது பெரிய கதை. பிரியாணி தீர்ந்து போயி எனக்குத் தயிர்சாதம் வச்சாளுக. கோபிகா முதல்ல ஊம் கொட்டுனா. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அமைதியாக் கேட்டா. கை சேர்லருந்து நழுவுச்சு, எடுத்து மேல வச்சேன். மறுபடி நழுவுச்சு. நான் என்ன நினைப்பேன், அசந்து கேட்கறான்னு நினைப்பேன். கதையும் உச்சத்துக்கு வந்துருச்சு, நாத்தனாகாரி என்கிட்டயே வந்து சாப்பிட்டியான்னு கேட்கற இடம். சுத்தி நின்னவளுக எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறாளுக. கதைக்குத்தான் சிரிக்கறாளுகன்னு நான் இன்னும் சத்தமாச் சொல்றேன்.

அப்ப அந்த மேடம் மெதுவாக் கேட்டாங்க, "அமலோற்பவம், உங்க பேஷண்ட்டு பதில் சொல்லி எவ்வளவு நேரமாச்சு?"

சொல்லி வச்சிருக்காங்க தம்பி! அவ காதுல ரகசியமாச் சொல்லி வச்சிருக்காங்க. நடுவுல பேச்சை நிறுத்திரு, கையைத் தொங்க விட்டுரு, இவ கண்டுபிடிக்கறாளா பார்ப்போம்னு. அவளும் நடிச்சா. என் சோத்தைத் தின்னவ, என்கிட்ட ஒரு கண்ணைச் சிமிட்டிக் காட்டக் கூடாது? ஒரு விரலை அசைக்கக் கூடாது? கல்லு மாதிரிக் கிடந்தாளே! எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாளுக. மேடம் சொல்றாங்க, "பேசறது நம்ம கதையைச் சொல்றதுக்கு இல்லம்மா, அவங்க பதில் வருதான்னு பார்க்கறதுக்கு." ஊருக்கே தெரியும் அது. எனக்குத் தெரியாதா?

அடுத்து இவ ஸ்டூல்ல உட்கார்ந்தா, ரிசப்ஷன் பொண்ணு படுத்தா. அந்தப் பொண்ணு வாயை மூடுன அடுத்த நிமிஷம் இவ கேஸை நிறுத்தற மாதிரி செஞ்சு காட்டி ஆக்சிஜனைக் கூட்டிட்டா. எல்லாரும் கை தட்டறாங்க. தட்ட மாட்டாங்களா? இவளுக்குத்தான் சூதே தெரியுமே. தெரிஞ்சவ பாஸ் பண்றதுல என்ன அதிசயம்?

மறுநாளு டாக்டர் கூப்பிட்டாரு. "அக்கா, நீங்க கொஞ்ச நாளைக்கு உள் ரூம்ல கருவிகளைப் பார்த்துக்கங்க"ன்னாரு. உள் ரூமுன்னா தெரியுமா? கழுவி, துடைச்சு, கவர்ல போட்டு, அந்த மெஷின்ல ஆவியில வேக வைக்கற ரூமு. ஜன்னல் கிடையாது. மனுஷ மூஞ்சி கிடையாது. இடுக்கிக்கிட்டயும் ஊசிக்கிட்டயுமா நான் பேச முடியும்? பேஷண்ட்டெல்லாம் சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்ட பொம்பளை நான். சின்னப் புள்ளைங்க அழுதா என்னைத்தான் கூப்பிடுவாங்க. இப்ப அந்தப் புள்ளைங்க தலையை அவ தடவுறா, நான் அவ போட்ட எச்சிக் கருவியைத் தேய்க்கறேன். வயிறு எரியாதா தம்பி? நீங்களே சொல்லுங்க.

இதுல கூத்து என்னன்னா, ஒரு நாளு உள் ரூமுக்கு வந்து நிக்கறா. "அக்கா, அடுத்த மாசம் மேடம் திரும்ப வர்றாங்க. நாம சாயங்காலம் கொஞ்சம் பழகிக்கலாம், நான் படுத்துக்கறேன், நீங்க பாருங்க. இந்தத் தடவை பாஸ் பண்ணிருவீங்க"ங்கறா. குழியில தள்ளிட்டு மேல நின்னு கை நீட்டுறாளாம்! போடி உன் வேலையைப் பார்த்துக்கிட்டுன்னேன். கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுப் போனா. அதுவும் நடிப்புத்தான். நடிக்கறதுல அவளுக்குத் தங்க மெடலே குடுக்கலாம்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவளை இந்த ஸ்டூல்லருந்து இறக்காம விடறதில்லைன்னு. மொதல்ல சின்னதாத்தான் பண்ணுனேன். அவ சாப்பாட்டு டப்பாவை பிரிட்ஜுலருந்து எடுத்து ஆவி மெஷினு மேல வச்சேன். மத்தியானம் திறந்தா சாம்பார் சாதம் நுரைச்சுக் கிடக்கு. பன்னு வாங்கித் தின்னா. இன்னொரு நாளு அவ ஏப்ரனைக் கழுவற பக்கெட்டுல போட்டேன். எதுக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறாளே! ஒரு தடவை சண்டைக்கு வந்தா எனக்கு ஆறியிருக்கும். வரல. அதுதான் இன்னும் எரிச்சல்.

என்ன, இப்பவும் சிரிப்பா? நல்ல மனுஷன் நீங்க. சரி, கொஞ்சம் கூட்டி வைக்கறேன் இந்தக் கேஸு திருகாணியை. நல்லா ஏறட்டும், அப்பத்தான் நான் சொன்னது சுத்தமா அழியும். உங்களுக்கும் பல்லுப் புடுங்கறது தெரியாது. நல்லதுக்குத்தான் செய்யறேன். இந்த டிங் டிங் சத்தத்தையும் கம்மி பண்ணிடறேன், மனுஷியைப் பேச விட மாட்டேங்குது.

எங்க விட்டேன்? ஆங், ஏப்ரன். அதுக்கப்புறம்தான் யோசிச்சேன், சாப்பாட்டுலயும் துணியிலயும் என்ன இருக்கு, அவ எதை வச்சு என்னைக் கவுத்தாளோ அதை வச்சே அவளைக் கவுக்கணும். ஸ்டூலு. அவ அதை விட்டு எந்திரிக்கணும். எந்திரிக்க மாட்டேங்கறாளே! டீ குடிக்கக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டா. வாட்ச்மேன் கூப்பிடறான்னா எந்திரிக்க மாட்டா. பல்லி விழுந்துச்சு ஒரு நாளு, அப்பவும் எந்திரிக்கல. பெத்த புள்ளைதான் மிச்சம். இன்னைக்குக் காலையில பூசையில முழங்கால் போட்டிருக்கறப்பத்தான் தோணுச்சு. அந்தோணியாரே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு.

கையை இப்படித் தொங்கப் போடாதீங்க தம்பி, நரம்பு பிடிச்சுக்கும். இருங்க, எடுத்து மேல வைக்கறேன். அட, கிளிப்பு வேற கழண்டு விழுந்துருச்சு. கிடக்கட்டும், அப்புறம் மாட்டிக்கலாம்.

நான் என்ன கேட்டேன் பெருசா? காசு கேட்டனா? அந்த ஸ்டூலு. அதுல உட்கார்ந்து பேஷண்ட்டு கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு வார்த்தை பேசணும். வீட்டுல பேச யாரு இருக்கா எனக்கு? மருமக இருக்கா, காதுல எந்நேரமும் அந்தப் போன் வயரை மாட்டிக்கிட்டு. மகன் வருவான், தின்பான், படுப்பான். இங்க வந்தாத்தான் மனுஷங்க. அதையும் பிடுங்கிக்கிட்டா அவ. இன்னைக்குத் திருப்பி வாங்கிட்டேன் பாருங்க. உங்க புண்ணியத்துல. எத்தனை மாசத்துக்கப்புறம் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கேன்! இடுப்பு வலிகூடத் தெரியல.

ஏசி ஓடுது, உங்களுக்கு இப்படி வேர்க்குதே? உடம்பு சூடு போல. பயந்த சுபாவம். உங்க பேரு என்னமோ சொன்னா அவ, வாயில நுழையல எனக்கு.

ஒண்ணு சொல்லட்டுமா? உங்களை மாதிரிக் காது குடுத்துக் கேட்கற ஆளு கிடைக்கறதே கஷ்டம். நடுவுல பேச மாட்டேங்கறீங்க, கடியாரம் பார்க்க மாட்டேங்கறீங்க. எங்க வீட்டுல நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்க அசையாம... கையை மேல வச்சேன்ல? மறுபடியும் விழுந்துருச்சா? சரி, விடுங்க, அது இஷ்டம். அந்தப் பையி கூட மெதுவாத்தான் உப்புது பாருங்க, நல்லா நிம்மதியா இருக்கீங்க.

டாக்டரை என்ன இன்னும் காணோம்? வந்தார்னா முதல்ல நான் வாயைத் திறக்க மாட்டேன். அவரே கேட்கணும். "கோபிகா எங்க?" அப்பத்தான் மெதுவா, வருத்தமா, "யாருக்கோ போன் பேசக் கீழ போயிட்டா டாக்டர், நான் பார்த்தேன், மனசு கேட்கல, வந்து உட்கார்ந்துட்டேன்"னு சொல்லணும். நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டேன் உள் ரூம்ல. அப்புறம் அவ மேல வருவா, மூச்சு வாங்க. டாக்டரு பார்க்கற பார்வை ஒண்ணு இருக்கு. என்னை உள் ரூமுக்கு அனுப்புன அன்னைக்குப் பார்த்தாருல்ல, அதே பார்வை. அதை அவ மேல பார்க்கணும் நான். பார்த்துட்டா...

யாரு ஓடி வர்றது படியில? அவதான்! அதுக்குள்ளயா? ஏய், செருப்போட உள்ள வர்ற! என்னடி? உன் மக நல்லா இருக்காளா... என்னை எதுக்குத் தள்ளுற? ஸ்டூலை விடுடி! பார்த்தீங்களா தம்பி, பார்த்தீங்களா, என்னை ஒரு வார்த்தை கேட்காம, உங்க முன்னாலயே பிடிச்சுத் தள்ளுறா. ஏண்டி கேஸை மூடுற? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! நல்லாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாரு, உனக்கு ஏன் பொறுக்கல? "இளவழகன் சார், கண்ணைத் திறங்க, இளவழகன் சார்"னு என்ன கூச்சல் இது, எதிர் ரூம்ல பெரியவரு பயந்துக்குவாரு. ஆக்சிஜனை இப்படித் திறந்து விட்டா காலியாயிரும்டி. தலையை ஏன் நிமித்துற? "டாக்டர், சீக்கிரம் வாங்க"ன்னு நீயே கூப்பிடுறியா? கூப்பிடு, கூப்பிடு. அதுக்குத்தானே நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

வாங்க டாக்டர். ஒண்ணுமில்ல டாக்டர். யாருக்கோ போன் பேசக் கீழ போயிட்டா, பேஷண்ட்டைத் தனியா விட்டுட்டு. எனக்கு மனசு கேட்கல, வந்து உட்கார்ந்தேன். இப்ப ஓடி வந்து பெரிய இவளாட்டம்... கிளிப்பா? அது இப்பத்தான் டாக்டர் விழுந்துச்சு. திருகாணியா? நான் தொடல. அவதான்... என்னடி சொல்ற? டாக்டர் போகச் சொன்னதா நான் சொன்னனா? எப்பச் சொன்னேன்? பாருங்க டாக்டர், எப்படி வாய் கூசாமப் புளுகுறா. நீங்களே கேளுங்க, அவளுக்குச் சாட்சி யாரு இருக்கா?

ஆங், கண்ணைத் திறந்துட்டாரு. ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சுட்டாரு பாருங்க. இதுக்குப் போயி ஊரைக் கூட்டிட்டா. தட்டு எடுடி, வாந்தி எடுக்கறாரு. என்ன தம்பி? மெதுவா, மெதுவா. பேசாதீங்க. டாக்டர், பேச விடாதீங்க, தலை சுத்தும் அவருக்கு. சிரிக்கறாரு, கேஸு இன்னும் இறங்கல. மயக்கத்துல எதையாவது ஒளறுவாரு, அதையெல்லாம் நீங்க...

என்னது? "புள்ளை விழவே இல்லையாம்மா, பொய்யாம், அந்தம்மாதான் சொல்லுச்சு"ங்கறாரா?

சிரிக்காதய்யா. ஏய்யா, சிரிக்காத. டப்பாவை ஏன்யா சொல்ற? சாம்பார் சாதத்தை ஏன்யா சொல்ற? ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு மேடமே சொன்னாங்களே டாக்டர், நீங்களும்தானே இருந்தீங்க! அவளைப் பார்க்கற பார்வையை ஏன் டாக்டர் என் பக்கம் திருப்பறீங்க? தம்பி, நான் உங்களை என் பையன் மாதிரி நினைச்சுல்ல எல்லாத்தையும் சொன்னேன். கையைத் தொங்கப் போட்டுக் கிடந்தீங்க. கண்ணை மூடிக் கிடந்தீங்க. வேர்க்கக் கூட வேர்த்துச்சு. இவ்வளவு நேரமும் நடிச்சியாய்யா? அவளை மாதிரியே நீயும் நடிச்சியா?